நாற்பத்தாறு ஜனவரி

ஒன்பது நாட்களாக விக்ராவுக்கு ஒரு மின்னஞ்சலும் வரவில்லை. அதை அவள் ஒரு குறையாகவே எண்ணவில்லை. செப்டம்பர் தொடக்கம். பல்கலைக்கழகத்தில் பாதிப் பேர் இன்னும் கடற்கரையிலிருந்து திரும்பியிருக்க மாட்டார்கள், மீதிப் பேர் எங்களைப் போலவே முற்றத்தில் மிளகாய் சுட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள். அந்த ஒன்பது இரவும் நன்றாகத் தூங்கினாள். நாற்பத்து நான்கு வயதில், ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு மதிப்புரைக்குக் காத்திருக்கும் ஒருத்திக்கு இப்படித் தூக்கம் வருமா என்று அப்போது தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு பல முறை கேட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்குத் துறை அலுவலகத்திலிருந்து செயலாளர் கலேவா அழைத்தாள்.

"விக்ரா, நீ உயிரோடதான் இருக்கியா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"சோஃபியாலேருந்து பேராசிரியர் தோத்தெவ் உனக்கு ரெண்டு தடவை மதிப்புரை அனுப்பியிருக்காரு. ரெண்டும் அவருக்கே திரும்பிப் போயிருக்கு. உன் பெட்டி நிரம்பி வழியுதாம். ஏதோ நான்தான் அடைச்சு வெச்ச மாதிரி என்னைத் திட்டுறாரு."

"என்கிட்ட அப்படி என்ன இருக்கு நிரம்புறதுக்கு?"

"அது உனக்குத்தான் தெரியும். இன்னைக்குப் பன்னண்டு மணிக்குள்ள மதிப்புரை உன் பல்கலைக்கழக விலாசத்துக்கு வரணும். நீ அதே விலாசத்துலேருந்து 'கிடைச்சது'ன்னு பதில் போடணும். பன்னண்டரைக்குக் குழு உக்காருது. வரலைன்னா அடுத்த வசந்தத்துல பாத்துக்கலாம்னு எழுதி மூடிடுவாங்க."

"என் சொந்த விலாசத்துக்கு அனுப்பச் சொல்லட்டுமா?"

"போன வருஷம் ஒருத்தன் அவன் பெரியம்மா மெயில்லேருந்து மதிப்புரை அனுப்பி வெச்சான். எழுதினதும் பெரியம்மாதான்னு அப்புறம் தெரிஞ்சுது. அதுலேருந்துதான் இந்தச் சட்டம். தூக்கிப் போட வேண்டியதைத் தூக்கிப் போடு விக்ரா. சீக்கிரம்."

அடுத்த வசந்தம் என்பது விக்ராவுக்குப் பயன்படாது. அவளுடைய வேலை ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. பட்டம் இருந்தால் நீட்டுவார்கள், இல்லையென்றால் அந்த இடத்துக்கு வர இரண்டு இளைஞர்கள் தயாராக இருந்தார்கள். ஒன்பது வருடங்களாக ஆற்றங்கரைச் சரிவில் இரும்புக் கம்பிகளை நட்டு, மண் வருடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் கீழே நகர்கிறது என்று அளந்துகொண்டிருந்தவள் அவள். அந்த ஒன்பது வருட எண்களையும் சேர்த்தால் ஒரு திருமணப் படத்தொகுப்பின் அளவுகூட வராது.

கணக்கைத் திறந்தாள். மேலே சிவப்புப் பட்டை. அவளுக்கு அனுமதிக்கப்பட்டது ஐம்பது ஜிகாபைட். அவளிடம் இருந்தது எழுநூற்றுப் பன்னிரண்டு.

வசந்த காலத்திலேயே பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது: இதுவரை எல்லையில்லாமல் இருந்த இடம் செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஆளுக்கு ஐம்பதுதான். தன்னிடம் இருப்பது பன்னிரண்டுதான் என்று பார்த்துவிட்டு, அந்தச் செய்தியைச் சாப்பாட்டு மேசையில் கணவனிடம் ஒரு வம்பாகச் சொன்னாள். அதோடு மறந்தும் போனாள். அதன்பிறகு தினமும் வந்த எச்சரிக்கைகளை, தினமும் வருகிறவை என்பதாலேயே, படிக்கவில்லை. இப்போது பட்டியலின் உச்சியில் அவள் உருவாக்காத ஒரு போல்டர் இருந்தது. பெயர்: 'பி வாசல்', எங்கள் கட்டடத்து நுழைவாயில்.

சன்னலைத் திறந்தாள். முற்றத்திலிருந்து மிளகாய்ப் புகை முகத்தில் அடித்தது. கீழே அவள் கணவன் ஸ்தோயில், லிஃப்ட் பழுது பார்க்கிறவன், விடுப்புப் போட்டுவிட்டு பனியனோடு உட்கார்ந்து, உருளை வடிவ மின்னடுப்பில் மூன்று மூன்றாகக் கையளவுச் சிவப்பு மிளகாயை இறக்கிக்கொண்டிருந்தான். எதிரில் முதல் மாடித் தொன்கா, மடியில் ஒரு பாத்திரத்தை வைத்துத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். காற்று எந்தப் பக்கமும் நிலைக்காமல் சுற்றியது. புகைக்குத் தப்ப இருவரும் நாற்காலியை நகர்த்தியபடியே இருந்தார்கள்.

"ஸ்தோயில், மேல வா."

"முப்பது கிலோ கெடக்கு இங்க. நீதான் கீழ வரணும்."

"வான்னு சொல்றேன்ல."

குரலைக் கேட்டு அவன் வந்துவிட்டான். விரல் நுனியெல்லாம் கரி. திரையைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அவளோ அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"வாசல் கேமரா படம்தான் அது," என்றான்.

"என் கணக்குல ஏன் இருக்கு?"

"நிலவறைல இருந்த பழைய லேப்டாப் உயிரை விட்டுக்கிட்டு இருந்துது. ரெண்டரை வருஷத்துப் படம். எங்கயாவது வைக்கணும்ல?"

"எப்ப ஏத்தின?"

"ஆகஸ்ட் கடைசி வாரம். செப்டம்பர்லேருந்து எடம் கொடுக்க மாட்டாங்கன்னு நீதானே சொன்ன. அதான் தேதிக்கு முன்னாடியே போட்டுடலாம்னு..." தன் தர்க்கத்தின் மேல் இன்னும் அவனுக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. "முன்னாடி போட்டது முன்னாடி போட்டதுதானேன்னு நெனச்சேன்."

விக்ராவுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் ஒரு சலிப்புதான் வந்தது. விலை ஏறப்போகிறது என்றால் சர்க்கரை மூட்டையையும், தட்டுப்பாடு என்றால் விறகையும் வாங்கி அடுக்குகிற ஊர் இது. எதற்குத் தடை வரும் என்றாலும் வருவதற்கு முன்பே நிரப்பி வைத்துவிடுவோம். நிலவறையில் அவர்கள் வைத்திருந்த நூற்றிருபது ஜாடிகளில் பாதி, யாரும் திறக்காத முந்தைய வருடத்து ஜாடிகள்.

"மதியம் பன்னண்டு மணிக்கு என் வேலை போகப் போகுது," என்று சொல்லி, கலேவா சொன்னதைச் சொன்னாள்.

அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அருகில் உட்கார்ந்தான். "அவ்வளவுதானே. எல்லாத்தையும் தூக்கிப் போடு. கதவை எவன் டமார்னு சாத்துறான்னு கண்டுபிடிக்க மாட்டின கேமரா. ரெண்டரை வருஷமாச்சு. எல்லாருந்தான் டமார்னு சாத்துறாங்க. கண்ணாடி ரெண்டு தடவை ஒடஞ்சது மிச்சம்."

பேராசிரியரை அழைத்தாள். பதினொன்றே முக்காலுக்குக் கடைசியாக ஒரு முறை அனுப்புவதாகவும், அதன்பிறகு மகனின் திராட்சைத் தோட்டத்துக்குப் போவதாகவும், அங்கே சிக்னல் கிடைக்காது என்றும் சொன்னார். மதிப்புரையில் என்ன எழுதியிருக்கிறார் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

முழுப் போல்டரையும் அழித்தாள். எழுநூற்றுப் பன்னிரண்டு என்ற எண் அசையவில்லை. ஸ்தோயில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உதவிப் பக்கத்தைப் படித்தான். "குப்பைத்தொட்டில கெடக்குறதும் கணக்குலதான் வருமாம். தொட்டியையும் காலி பண்ணணும். அப்புறம் திரும்பி வராதாம்."

தொட்டியைத் திறந்தாள். 'நிரந்தரமாக அழி' என்ற பொத்தான். அதற்குக் கீழே சிறிய எழுத்தில், இடத்தின் அளவு புதுப்பிக்கப்படச் சிறிது நேரமாகலாம் என்று இருந்தது. அதை அவள் படித்தாள். மணி ஒன்பதேகால்.

அப்போதுதான் தொன்கா ஒரு தட்டில் ஆறு மிளகாயும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்தாள்.

"ரெண்டு பேரும் காலைல ஒண்ணும் சாப்பிடல. என்னப்பா ஸ்தோயில், அடுப்பை அப்படியே விட்டுட்டு வந்துட்ட? கரிஞ்சு போச்சு மூணு."

"வாசல் படத்தை அழிக்கிறோம்க்கா. விக்ரா மெயில் அடைச்சுக்கிச்சு."

"எந்தப் படம்?"

"கேமரா எடுத்ததெல்லாம். நான் சேத்து வெச்சிருந்தேன்."

தட்டை மேசையில் வைத்தவள் கையை அதிலிருந்து எடுக்கவில்லை. "மார்ச்சும் அதுல இருக்கா?"

எங்கள் கட்டடத்தில் அந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. மார்ச்சில் ஒரு காலை தொன்காவும் அவள் கணவர் நைதெனும் மீன் வாங்கியதைப் பற்றிச் சண்டை போட்டார்கள். எங்கேயாவது போய்த் தொலை என்றாள் அவள். அவர் போனார். பாலத்துப் பேருந்து நிறுத்தத்தில் விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. தொன்காவை அரித்தது அந்த வார்த்தை இல்லை. நாற்பது வருடத்தில் அதைவிட மோசமானதெல்லாம் இருவரும் சொல்லிக்கொண்டவர்கள்தான். கீழ்க்கதவு சாத்தும் சத்தம் அன்று அவளுக்குக் கேட்கவில்லை. முதல் மாடிக்கு அது தட்டுகள் அதிரக் கேட்கும். கேட்கவில்லையென்றால் அவர் வெளியே போகவில்லை, முன்பெல்லாம் செய்ததைப் போலப் படியில் உட்கார்ந்து தான் கூப்பிடக் காத்திருக்கிறார் என்று அவள் எண்ணிக்கொண்டாள். இருக்கட்டும் என்று நாற்பது நிமிடம் கூப்பிடாமல் இருந்தாள். கதவைத் திறந்தபோது படியில் யாருமில்லை. ஆறு மாதமாக எங்கள் ஒவ்வொருவரையும் மடக்கி, அன்று அவரைப் படியில் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டாள்.

"இருக்கும்க்கா," என்றான் ஸ்தோயில், மனைவியைப் பார்க்காமல். "ஆனா தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கரண்ட் போறப்பல்லாம் கேமரா கடிகாரம் ஜனவரி ஒண்ணுக்குப் போயிடும். நம்ம ஊர்ல கரண்ட் போறதுக்குக் கேக்கணுமா. மிளகாய் அடுப்பு நாலு சேந்து எரிஞ்சாலே ஃப்யூஸ் போயிடுது. நாப்பத்தாறு போல்டர் இருக்கு, நாப்பத்தாறும் ஜனவரி ஒண்ணுதான்."

"சரி, விடு," என்றாள் தொன்கா. "சாப்பிடுங்க, ஆறிடும்." ஆனால் போகவில்லை.

விக்ரா பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். "மூணு மணி நேரம் இருக்கு. பாத்துடலாம்க்கா."

"ஏம்மா..." என்றான் ஸ்தோயில்.

"நீ கீழ போய் அடுப்பு எல்லாத்தையும் நிறுத்து. கரண்ட் போச்சுன்னா எல்லாம் போச்சு. எரிக்கிறதா இருந்தா விறகு வெச்சு எரி."

எல்லாவற்றையும் தொட்டியிலிருந்து மீட்கவே அரை மணி ஆனது. பிறகு ஒவ்வொரு ஜனவரி ஒன்றாகத் திறந்தாள். நிலைக்கதவுக்கு எதிரே, தபால் பெட்டிகளுக்கு மேலிருந்து எடுத்த படங்கள். கண்ணாடிக் கதவு, நான்கு படிகள், வருகிறவர் முகம், போகிறவர் முதுகு. யாராவது அசைந்தால் மட்டும் பத்து இருபது விநாடி. எந்த மாதம் என்று சொல்ல எதுவுமில்லை, போல்டர்கள் வரிசையாகவும் இல்லை. குட்டைக்கை, ஈரக் குடை, தர்பூசணியைச் சுமந்து வரும் ஸ்தோயில். கோடை; அடுத்தது. பனி படிந்த செருப்பு. எந்தக் குளிர்காலம்?

தொன்காதான் கண்டுபிடித்தாள். "அதோ பாரு, தபால்காரன் கைல சிவப்பு வெள்ளை நூல் கட்டியிருக்கான். மார்ச் ஒண்ணு தாண்டியாச்சு." வசந்தத்தை வரவேற்க மார்ச் முதல் தேதி எங்கள் ஊரில் எல்லோரும் கட்டிக்கொள்வது அது.

"ரெண்டு மூணு மார்ச் இருக்கேக்கா."

"கதவைப் பாரு. தாள் இருந்தா அவர் போனதுக்கு அப்புறம்."

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் படத்தோடு ஒரு தாள் வாசலில் ஒட்டப்படும். நாற்பதாம் நாள் வேறொன்று, ஆறாம் மாதம் மற்றொன்று. உள்ளிருந்து பார்க்கும்போது முகம் தெரியாது. கண்ணாடியில் வெளிச்சம் ஊடுருவும் ஒரு வெள்ளைச் செவ்வகம் மட்டும் தெரியும். இருவரும் அந்தச் செவ்வகத்தைத் தேடத் தொடங்கினார்கள். தாள் இருக்கிறது, தாண்டிவிட்டோம். தாள் இல்லை, இன்னும் வரவில்லை. தொன்கா இதைச் சொன்ன குரலில் துக்கம் இல்லை. பேருந்து நிறுத்தங்களை எண்ணுகிறவள்போல் இருந்தது.

ஸ்தோயில் இரண்டு முறை மேலே வந்தான். "பாத்து முடிச்சதையாவது அழிச்சுக்கிட்டே வா. எண்ணு கொறையும்ல."

"அவசரத்துல தப்பானதை அழிச்சுட்டா? கடைசில மொத்தமா அழிச்சுக்கலாம்."

"மணியைப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

உண்மையில் அவள் வேறொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். படங்களில் மிக அதிகமாக வந்தது அவளேதான். மாலையில் பையோடு உள்ளே வருவாள். கதவு பின்னால் டமார் என்று மூடும். அப்புறம் படியேறாமல், கைப்பிடியில் கை வைத்தபடி நிற்பாள். தபால் பெட்டியைத் திறப்பதுமில்லை. சும்மா நிற்பாள். பத்து விநாடி, இருபது விநாடி. ஒரு குளிர்காலத்தில் கேமரா அலுத்துப்போய்த் தானே நின்றுவிடும் வரை. இப்படி நிற்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. மேலே அவளுக்காக என்ன இருந்தது? மேசை, ஆய்வேடு, நல்லவனான ஸ்தோயில். எதற்குப் பயந்து நின்றாள் அந்தப் பெண்? சமர்ப்பித்த பின் எடுத்த படங்களில், ஜூலையில், மெல்லிய சட்டையில்கூட நின்றாள். தொன்கா அருகிலிருந்து ஆச்சரியமில்லாமல் அதைப் பார்த்தாள். அண்டைவீட்டுக்காரர்கள் எல்லோரும் ஏற்கெனவே அறிந்த ஒன்றைத்தான் இப்போது தான் கண்டுபிடித்திருக்கிறோமோ என்று விக்ராவுக்குக் கூச்சமாக இருந்தது.

முப்பத்தெட்டாவது போல்டரின் முதல் படங்களில் கைகளில் நூல் இருந்தது, கதவில் தாள் இல்லை. கடைசிப் படத்தைத் திறந்தாள்: தாள் இருந்தது. மணி பதினொன்று இருபது. கடைசியிலிருந்து பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஸ்தோயில் பசையும் தாளுமாகக் கதவருகே. மருத்துவமனைக்கு ஓடும் தொன்கா, ஒரு காலில் வீட்டுச் செருப்பு. அதைத் தொன்கா கையால் மறைத்துக்கொண்டாள். "முன்னாடி போ."

பிறகு விக்ரா. வெள்ளைக் கழுத்துத்துணி, முதல் வகுப்புக்குப் போகும் அவசரம். பொய்யான கடிகாரத்தில் மூன்று மணி பன்னிரண்டு.

"இது அன்னைக்குத்தான்," என்றாள் விக்ரா. "உங்க கதவைத் தாண்டி எறங்குறப்போ சத்தம் கேட்டுச்சு."

"அப்பவும் நாங்க கத்திக்கிட்டுத்தான் இருந்தோமா?"

"ஆமாக்கா. மீனைப் பத்தி."

அடுத்த படம் மூன்று மணி பதினேழு. ஐந்து நிமிடம் கழித்து. நைதென் வேகமாக இறங்கி வருகிறார். தொப்பி, பழுப்புக் கோட்டு, உதடு ஏதோ முணுமுணுக்கிறது. கதவை இழுத்து வெளியே போகிறார். போனவர் திரும்பி, இடது கையால் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தொட்டிலில் பிள்ளை தூங்கும் அறையைச் சாத்துவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்துகிறார். பூட்டு விழும் வரை கையை எடுக்கவில்லை. பிறகு கண்ணாடிக்கு அப்பால் பழுப்பு நிறம் இடப்பக்கம் நகர்ந்து மறைகிறது. பதினான்கு விநாடி.

"திரும்பப் போடு."

போட்டாள்.

"படியில உக்காரவே இல்ல அவரு," என்றாள் தொன்கா. "நேராப் போயிட்டாரு." மூன்றாம் முறை பார்த்தபோது, "மெதுவாச் சாத்தியிருக்கான் பாரு, கிழவன். நாப்பது வருஷமா நான் சொல்லிச் சொல்லிக் கேக்காதவன்," என்றாள். மூக்கைச் சிந்தினாள். கையில் மிளகாய்ச் சாறு இருந்ததால் கண் எரிந்து, நெடுநேரம் அதைக் கழுவ வேண்டியிருந்தது.

விக்ரா அந்தப் பதினான்கு விநாடியைத் தன் போனில் இறக்கிக்கொண்டாள். மற்றதையெல்லாம் தொட்டியில் போட்டு, தொட்டியைக் காலி செய்தாள். பதினொன்று முப்பத்தைந்து. எழுநூற்றுப் பன்னிரண்டு. பக்கத்தைப் புதுப்பித்தாள். எழுநூற்றுப் பன்னிரண்டு. வெளியேறி உள்ளே வந்தாள். பதினொன்று ஐம்பதுக்குப் பேராசிரியர் அழைத்தார். "அனுப்பிட்டேம்மா. உடனே திரும்பல, ஆனா உங்களுக்குக் கொடுக்கல, திரும்ப முயற்சி பண்ணுவோம்னு ஏதோ சொல்லுது. என்னால இவ்வளவுதான் முடியும். வண்டி காத்துக்கிட்டு இருக்கு." பன்னிரண்டு ஐந்துக்குக் கலேவா அழைத்தாள். "வரலையா?" "வரல." "சரி விக்ரா," என்றாள் கலேவா.

ஸ்தோயில் கதவோரம் வந்து நின்றான். "என்னாலதான்," என்றான்.

"ஆமா," என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, "அந்த மெஷின் மெதுவா வேலை செஞ்சா நாம என்ன பண்ண முடியும்?" என்றாள்.

"அதானே. காலைலயே அழிச்சிருந்தாலும் இப்படித்தான் இழுத்திருக்கும்."

விக்ரா கீழே போய் மிளகாய்த் தோலுரித்தாள். சூடு விரலைப் பொசுக்கியது, அது பரவாயில்லை என்றிருந்தது. வானம் மேற்கே கறுத்து, பெரிய துளிகள் நாலைந்து விழுந்து நின்றுவிட்டன. விறகடுப்பில் லியுதெனித்சா என்ற மிளகாய்த் தொக்கு கொதிக்கத் தொடங்கியிருந்தது. தக்காளியும் மிளகாயும் குமிழி விட்டுத் தெறிக்க, தொன்கா நீளக் கரண்டியால் அடி பிடிக்காமல் கிளறினாள். ஆறு மாதத்தில் முதல் முறையாக அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. உப்புப் போதாது என்று ஸ்தோயிலைத் திட்டினாள்.

ஒன்று ஐம்பத்தைந்துக்கு விக்ராவின் போன் அதிர்ந்தது. நிற்காமல் அதிர்ந்தது. திரும்பிப் போகாமல் காத்துக்கிடந்த அஞ்சல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. பேராசிரியரின் மதிப்புரையும், யாரும் மறுபடி அனுப்பாமலே, தானாக வந்து உட்கார்ந்தது.

படிக்கட்டில் நின்று அதைத் திறப்பதற்கு முன் அவள் கணக்குப் போட்டாள். போடாமல் இருக்க முடியவில்லை. பதினொன்று முப்பத்தைந்திலிருந்து ஒன்று ஐம்பத்தைந்து வரை: இரண்டு மணி இருபது நிமிடம். ஒன்பதேகாலோடு அதைக் கூட்டினால் பதினொன்று முப்பத்தைந்து. பேராசிரியர் அனுப்பியது பதினொன்றே முக்கால். பத்து நிமிடம் மிச்சம் இருந்திருக்கும்.

தொன்காவுக்காகத்தான் விரலை எடுத்தேன் என்று நினைத்தாள். அது உண்மை. விரலை எடுத்தபோது நெஞ்சிலிருந்து ஒரு கனம் இறங்கியதே, ஒன்பது நாள் தூக்கத்தின் அதே நிம்மதி, அதுவும் உண்மை. இரண்டில் எது எவ்வளவு என்று அளக்கக் கம்பி எதுவும் அவளிடம் இல்லை. சிறிய எழுத்தையும் படித்திருந்தாள். பார்த்து முடித்தவற்றையும் அழிக்கவில்லை.

மதிப்புரையைப் படித்தாள். நான்கு பக்கம். இரண்டு திருத்தங்கள் கேட்டிருந்தார். ஒன்பது வருடம் ஒரே சரிவில் நின்று அளந்த பொறுமை அரிது என்று எழுதியிருந்தார். பட்டம் வழங்கலாம் என்று ஐயமில்லாமல் பரிந்துரைக்கிறேன் என்று முடித்திருந்தார். பயப்படும்படி அதில் ஒரு வரிகூட இல்லை.

'கிடைத்தது, நன்றி' என்று அந்த விலாசத்திலிருந்தே பதில் எழுதி அனுப்பினாள். இந்த முறை உடனே போனது. முற்றத்துக்குத் திரும்பி, ஜாடிகளைத் துடைக்கும் துணியைக் கையில் எடுத்தாள்.

தொன்கா கரண்டியை நிறுத்தாமல் நிமிர்ந்தாள். "உன் லெட்டர் வந்துச்சா, பொண்ணே?"

"வந்துச்சுக்கா."

"நல்லதா எழுதியிருக்காரா?"

"ரொம்ப நல்லதா எழுதியிருக்காரு."

"பாத்தியா," என்றாள் தொன்கா ஸ்தோயிலிடம். "காலைலேருந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்த. அந்த ஜாடியை இப்படி நகத்து."